சிவப்பு நூல் கட்டிய நாற்பது அடி

என் நாத்தனாரைப் பற்றி நல்லபடியாக நாலு வார்த்தை எழுதுவேன் என்று இரண்டு வருடம் முன்பு யாராவது சொல்லியிருந்தால், அவர்கள் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்திருப்பேன். அவர் என் கணவருக்கு அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பழைய வேலையை விட்டுவிட்டு எங்களோடு வந்து சேர்ந்த நாளிலிருந்து ஒன்பது வருடமாக நாங்கள் இருவரும் ஒரே சமையலறையில் முட்டிக்கொண்டு நிற்கிறோம். நான் தேய்த்துக் கவிழ்த்த பாத்திரத்தை எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார். வாயைத் திறந்து ஒரு குறை சொல்ல மாட்டார். மெதுவாக மறுபடியும் தொட்டியில் வைத்துவிட்டுப் போய்விடுவார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை எரியும்.

திருப்பிப் பார்க்கிற அந்தப் பழக்கம் ஆலையில் வந்தது. இருபத்தாறு வருடம் ஒரு துணி ஆலையில் துணி சோதிக்கும் வேலை பார்த்தவர். சாய்வான கண்ணாடி மேசை, அதற்கு அடியில் விளக்கு, மேலே நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும் துணி. அறுந்த நூல், தடித்த நூல், எண்ணெய்க் கறை, எதுவானாலும் ஓடுகிற ஓட்டத்திலேயே கண்டுபிடித்து நிறுத்த வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்று நாமெல்லாம் பேச்சுக்குச் சொல்கிறோம். அவர் அதைத் தினம் எட்டு மணி நேரம் செய்தவர். நூல் எண்ணுவதற்கென்று ஒரு சின்ன மடக்குப் பூதக்கண்ணாடி வைத்திருந்தார். ஆலையில் ஏதோ தகராறு செய்துகொண்டு அவர் வெளியே வந்தபோது, அந்தக் கண்ணாடியும் இரண்டு பெட்டி துணிமணியும்தான் கூட வந்தன.

நான் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் அலுவலகப் பொறுப்பாளர். பகல் முழுக்க அவர் வீட்டிலேயே இருந்தால் எங்களில் ஒருத்தி இன்னொருத்தியைக் கொன்றுவிடுவாள் என்று பயந்துதான், தோட்ட வேலை காலியானதும் அவரைச் சேர்த்துவிட்டேன். தோட்டம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். முந்நூறு அடி நீளத்துக்கு ஒரு செம்பருத்தி வேலி, அவ்வளவுதான். வேலிக்கு அந்தப் பக்கம் சாலையும் பேருந்து நிறுத்தமும். இந்தப் பக்கம் ஒரு சிமெண்டு நடைபாதை. வலி கண்ட பெண்களை டாக்டர்கள் நடக்கச் சொல்வார்கள். அவர்கள் தொளதொள உடுப்பில், தலை கலைந்து, பத்தடி நடந்து நிற்பார்கள், கிளையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார்கள், மறுபடி நடப்பார்கள். அந்த நேரத்தில் பேருந்துக்குக் காத்திருக்கும் கூட்டத்தின் கண்ணிலிருந்து அவர்களை மறைத்தது அந்த வேலிதான்.

ஏழு வருடம் அவர் அதைப் பார்த்துக்கொண்டார். காலையில் முதல் வேலையாக ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து, இலைகளின் அடிப்பக்கத்தைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே போவார். எங்கேயாவது விரல் நின்றால் கண்ணாடி வெளியே வரும். நர்ஸுகள் அவருக்குப் பூதக்கண்ணாடி அக்கா என்று பேர் வைத்திருந்தார்கள். வீட்டில் அவர் எப்போதும் சுவரோரமாக நடப்பார், கடைசியாகச் சாப்பிடுவார், தொலைக்காட்சியின் சத்தத்தைக்கூடத் தானாகக் கூட்ட மாட்டார். வேலி ஓரத்தில் நிற்கும்போது மட்டும் அவர் முதுகு நேராக இருக்கும். அதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தும் அதைப் பற்றி யோசித்ததில்லை.

பிறகு வேலிக்கு நோய் வந்தது. நுனிக் கொழுந்துகள் விரிய முடியாமல் மூடிய கைமுட்டி போலச் சுருண்டன. இலைக்காம்பு கிளையோடு சேரும் இடுக்கிலெல்லாம் மாவை அப்பிவிட்டது போல வெள்ளை. கீழ் இலைகளில் பிசுக்குப் பிடித்து, அந்தப் பிசுக்கின் மேல் கரி பூசியது போல ஒரு கறுப்பு. தொட்டால் கையில் ஒட்டும். மாவுப்பூச்சி என்று மருந்து அடிக்கும் ஒப்பந்தக்காரர் வந்து சொல்லிவிட்டு, மூக்கைத் துளைக்கிற ஒரு மருந்தை அடித்தார். பத்து நாள் சுமாராக இருந்தது. அப்புறம் இரண்டு மடங்காக வந்தது. மறுபடி அடித்தார். அது நான்கு மடங்காக வந்தது. இலை கொட்டி வேலியில் ஓட்டை விழுந்தது. ஓட்டை வழியாகப் பேருந்து நிறுத்தம் தெரிந்தது. பெண்கள் வெளியே நடப்பதை நிறுத்திவிட்டு, வார்டுக்குள் கட்டில்களுக்கு நடுவே இடித்துக்கொண்டு நடந்தார்கள்.

பெரிய டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியின் தலைமை மருத்துவர், அறுபது வயது அம்மாள், பேச்சு எப்போதும் கத்திரி போட்டது போல இருக்கும்.

“வேலியைப் பிடுங்கிட்டு தகரம் அடிச்சிடலாம்னு இருக்கேன். உங்க ரெண்டு பேருக்கும் தெரியணும்னு கூப்பிட்டேன்” என்றார்.

நான் தலையாட்டினேன். என் நாத்தனார் ஆட்டவில்லை. “டாக்டரம்மா, மருந்து அடிக்கிறதை நிறுத்திட்டு எனக்கு ஆறு வாரம் குடுங்க” என்றார்.

“மருந்து அடிச்சே போகலை. அடிக்காம எப்படிப் போகும்?”

“மருந்து அதுங்க மேல படவே இல்லம்மா. உடம்பைச் சுத்தி மெழுகு இருக்கு. மருந்துல செத்தது வேற. மாவுப்பூச்சியைத் தின்ன வந்த இன்னொரு பூச்சிதான் செத்துப்போச்சு. ஏழாவது செடியில இப்போ அது மறுபடி நாலஞ்சு வந்திருக்கு. நான் பார்த்தேன்.”

பெரிய டாக்டர் என்னைப் பார்த்தார். “நீங்க என்ன சொல்றீங்க?”

எனக்கு எங்கிருந்து அந்த வீராப்பு வந்ததோ தெரியாது. பக்கத்தில் நின்ற அந்த மனுஷியின் விரல்கள் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். “நான் பொறுப்பு டாக்டர்” என்று சொல்லித் தொலைத்தேன்.

“சரி, ஆறு வாரம். தேறலைன்னா வேலியை எடுத்துடுவேன். வேலி இல்லைன்னா தோட்ட வேலையும் இல்லை. அதையும் இப்பவே சொல்லிடறேன்.”

என் நாத்தனார் செய்த முதல் வேலை எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. பூச்சியை விட்டுவிட்டு எறும்பைப் பிடித்தார். ஒவ்வொரு செடியின் அடித்தண்டிலும் ஒரு துணிப்பட்டையைச் சுற்றி, அதன் மேல் கிரீஸ் தடவினார். தரையையும் சுவரையும் தொடுகிற கிளைகளை வெட்டினார்.

“எறும்பு உங்களை என்ன பண்ணுச்சு அண்ணி?” என்று கேட்டேன்.

“மாவுப்பூச்சி இலைச்சாறைக் குடிச்சிட்டு இனிப்பா ஒண்ணை வெளியே விடும். அந்தப் பிசுக்கு மேலதான் கறுப்புப் பிடிக்குது. எறும்புக்கு அந்த இனிப்பு வேணும். அதனால பூச்சியைத் தின்ன யாராவது வந்தா கடிச்சு விரட்டிடும். காவல்காரனை முதல்ல வெளியே அனுப்பணும். மத்ததெல்லாம் அப்புறம்.”

அப்புறம் சும்மா இருந்தார். உண்மையாகவே சும்மா. காலையும் மாலையும் வேலி நெடுக நடந்து, இலையைத் திருப்பி, பார்த்துவிட்டு வந்துவிடுவார். ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. வேலி அப்படியே மொட்டையாக நின்றது. மூன்றாவது வாரம் நானே போய்ப் பார்த்தேன். முன்பு அரிசிக் குறுணை அளவுக்கு இருந்த வெள்ளைப் பூச்சிகளுக்கு நடுவே, அவற்றைப் போல மூன்று மடங்கு நீளத்தில், உடம்பெங்கும் வெள்ளைச் சடைசடையாகத் தொங்க, புதிதாகச் சில ஊர்ந்துகொண்டிருந்தன. மாவுப்பூச்சி கொழுத்துப் பெரிதாகிவிட்டது என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பழைய ஆலைச் சிநேகிதி ஒருத்தியைப் பார்க்கப் போயிருந்தார். நான் ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர் கலக்கினேன், பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றை எடுத்தேன், ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணிக்கு வயசாகிவிட்டது, கண்ணும் முன்னே மாதிரி இல்லை, நாம் கொஞ்சம் கை கொடுப்போம் என்ற பெரிய மனசு வேறு. சின்னப் பூச்சிகள் இடுக்கில் ஒளிந்து கைக்கு அகப்படவில்லை. பெரிய சடைப் பூச்சிகள் சுலபமாக வந்தன. ஒன்றுவிடாமல் எடுத்தேன். காலை எட்டு மணியிலிருந்து மாலை நாலு மணி வரை, நாற்பது அடி. இடுப்பு ஒடிந்துவிட்டது. வாளியில் வெள்ளையாக மிதந்ததைப் பார்த்தபோது என்னை நானே தட்டிக்கொடுக்கலாம் போல இருந்தது.

நாலரைக்கு அவர் வந்தார். சிநேகிதி வீட்டிலிருந்து நேராக வேலியைப் பார்க்க வந்திருக்கிறார். நான் வாளியைப் பெருமையாக முன்னால் நகர்த்தினேன்.

அவர் குனிந்து பார்த்தார். நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். வாளிக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்து, தன் தலைப்பில் வரிசையாக வைத்து, ஒற்றி ஒற்றிப் பார்த்தார். எதுவும் அசையவில்லை. நான் என்னவென்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கடைசியில் எழுந்து, நான் கை வைக்காத ஒரு செடிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். இலையைத் திருப்பினார். கண்ணாடியை என் கையில் கொடுத்தார்.

“பாரு.”

பார்த்தேன். முதலில் வெறும் வெள்ளை மட்டும் தெரிந்தது. பிறகு கண் பழகியது. நூல் நூலாக ஒரு வெள்ளைப் பஞ்சுப் பொதி. அதற்குள் இளஞ்சிவப்பாகக் கடுகில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத முட்டைகள், நூற்றுக்கணக்கில். அந்தப் பொதிக்குள் சடைப் பூச்சி ஒன்று தலையை விட்டிருந்தது. தலை அசைந்தது. ஒரு முட்டை காணாமல் போனது. இன்னொன்று. பக்கத்தில் ஒரு மாவுப்பூச்சி எதுவும் நடக்காதது போல நின்றுகொண்டிருந்தது. சடைப் பூச்சி நிதானமாகத் திரும்பி அதையும் பிடித்தது. சில நிமிடத்தில் அங்கே வெறும் தோல் கிடந்தது.

“அதே வெள்ளை. அதே மெழுகு. அதுங்களை மாதிரியே வேஷம் போட்டுக்கிட்டு அதுங்க வீட்டுக்குள்ளயே உக்காந்து சாப்பிடுது” என்றார். “பொறிவண்டோட குட்டிம்மா இது. இன்னும் பத்து நாள்ல கூடு கட்டி வண்டா வெளியே வரும்.”

கண்ணாடியை மறுபடி கண்ணருகே கொண்டுபோனேன். தினம் தினம் நான் ஃபைலைத் தூக்கிக்கொண்டு கடந்து போகிற நடைபாதைக்குப் பக்கத்தில், ஓர் இலையின் அடியில், இப்படி ஒரு பெரிய காரியம் சத்தமே இல்லாமல் நடந்துகொண்டிருக்கிறது. அதை இந்த மனுஷி யாரும் சொல்லிக்கொடுக்காமல், வெறும் கண்ணால் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டு, சும்மா இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, வேலை போனாலும் போகட்டும் என்று சும்மா இருந்திருக்கிறார். அவ்வளவு நெஞ்சுரம் எனக்கு வராது. நான் போய் அந்த நாற்பது அடியில் காப்பாற்ற வந்தவற்றை மட்டும் பொறுக்கியெடுத்துக் கொன்றிருக்கிறேன். சீக்காளியை விட்டுவிட்டு டாக்டரைக் கொன்றதற்குச் சமம்.

அழுதேன். ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்றுகொண்டு, ஐம்பத்திரண்டு வயதில், மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். அவர் திட்டவில்லை. பையிலிருந்து நூல்கண்டை எடுத்து, நான் தொடங்கிய செடியில் ஒரு சிவப்பு நூலும், நிறுத்திய செடியில் ஒரு சிவப்பு நூலும் கட்டினார்.

“இது எதுக்கு அண்ணி?”

“எங்கே ஆரம்பம், எங்கே முடிவுன்னு தெரியணும். மில்லுல அப்படித்தான்.”

ஆலையில் துணியில் குறை தெரிந்தால், அது தொடங்குகிற இடத்திலும் முடிகிற இடத்திலும் கரையோரமாகச் சிவப்பு நூல் கட்டுவது அவர் வேலை. நெய்தது யார் என்று எழுதுவது அவர் வேலையில்லை. புதிதாக வந்த மேலாளர், ஒவ்வொரு குறைக்கும் பக்கத்தில் நெய்தவர் யார் என்று எழுதித் தரச் சொன்னார். அப்படி எழுதினால் அன்றைக்கே அந்த ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இவர் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். அதுதான் அந்தத் தகராறு. அதை என் கணவர் பலமுறை சொல்லியிருக்கிறார். ஊரே எழுதும்போது இவருக்கு மட்டும் என்ன பிடிவாதம் என்று, அண்ணியின் காதில் விழும்படியாக, அதே பலமுறை நான் பாத்திரத்தை உருட்டியிருக்கிறேன்.

ஆறு வாரம் முடிந்தது. அதற்குள் வேலியில் நடந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். தவிட்டு நிற உடம்பும் ஆரஞ்சுத் தலையுமாகக் குட்டிக் குட்டி வண்டுகள் செடிக்குச் செடி பறந்தன. வெள்ளை குறைந்தது. சுருண்ட நுனிகளுக்குக் கீழேயிருந்து புதுக் கொழுந்து வெடித்து, இலை இலையாக விரிந்தது. புது இலையில் கறுப்பு இல்லை. விரலால் தடவினால் பிசுக்கு இல்லை. ஒரு காலையில் பார்க்கும்போது பேருந்து நிறுத்தத்தைக் காணவில்லை. நர்ஸுகள் வேலை நடுவே வந்து வேலியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். இருநூற்று அறுபது அடி அப்படி. நடுவில் இரண்டு சிவப்பு நூலுக்கும் இடையே நாற்பது அடி மட்டும் மொட்டையாக, வெள்ளை அப்பிக்கொண்டு, கோடு கிழித்தது போல நின்றது.

பெரிய டாக்டர் வந்தார். ஒரு முனையிலிருந்து மெதுவாக நடந்தார். இலைகளைத் தொட்டுப் பார்த்தார். “ஆச்சரியமா இருக்கே” என்று இரண்டு தடவை சொன்னார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. பிறகு சிவப்பு நூல் கட்டிய இடத்துக்கு வந்து நின்றார்.

“இங்கே மட்டும் ஏன் இப்படி?”

“இங்கே தின்ன வந்த பூச்சியைக் கையால எடுத்துட்டாங்கம்மா. இந்த நூல்ல இருந்து அந்த நூல் வரைக்கும். பக்கத்துல இருந்து வண்டு வந்துக்கிட்டிருக்கு. இன்னும் ஒரு மாசத்துல இதுவும் தழைச்சிடும்” என்றார் என் நாத்தனார்.

“எடுத்துட்டாங்கன்னா, யார் எடுத்தது?”

என் நாத்தனார் குனிந்து சிவப்பு நூலின் முடிச்சைச் சரிசெய்தார்.

“கேக்காம கை வைக்கிற ஆள் ஒருத்தர் இங்கே இருக்காங்க. இன்னிக்கு வேலி. நாளைக்கு மருந்து அறையில கை வைப்பாங்க. அது யார்னு எனக்குத் தெரியணும்.”

“என்ன ஆச்சுன்னு சொல்லிட்டேன் டாக்டரம்மா. எங்கே ஆச்சுன்னும் காட்டிட்டேன். யாருங்கிறதை நான் சொல்ல மாட்டேன்.”

“சொல்லலைன்னா உங்களை வெச்சுக்க முடியாது. வேலி இருக்கட்டும். வேற ஆள் பார்த்துக்கட்டும்.”

என் நாத்தனார் என் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு கண்ணசைவுகூட இல்லை. இடுப்பில் செருகியிருந்த கத்தரிக்கோலை எடுத்து, பிடியைத் துடைத்து, சுவர்மேல் வைத்தார். கையுறையைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார். அவர் முதுகு நேராகத்தான் இருந்தது.

அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். எனக்குக் கீழே பதினெட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். நாளைக்கு அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் இது இப்படியே முடிந்துவிடும் என்றும் நினைத்தேன். அதற்குள் என் நாத்தனார் நடைபாதையில் பத்தடி போய்விட்டார்.

“டாக்டர், எடுத்தது நான்தான்” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். “ஞாயித்துக்கிழமை வந்து நான்தான் எடுத்தேன். அவங்களுக்குத் தெரியாது. எல்லாத்துக்கும் நான் பொறுப்புன்னு சொன்னதும் நான்தான்.”

பெரிய டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையில் நான் ஒரு முழம் குட்டையாகிவிட்டேன். “ஆபீஸ்ல உங்க வேலை ஒன்பது மணிக்குத்தானே ஆரம்பம்? நாளையில இருந்து ஏழு மணிக்கு வாங்க. இந்த நாற்பது அடி தேறுற வரைக்கும் இவங்க சொல்றதைச் செய்யுங்க. இவங்க சொல்லாததைச் செய்யாதீங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் ஏழு மணிக்கு நான் போனபோது என் நாத்தனார் ஏற்கெனவே அங்கே இருந்தார். நன்றாகத் தழைத்த பக்கத்திலிருந்து, சடைக்குட்டிகள் ஊர்கிற இலைகளைக் காம்போடு கிள்ளி, பட்டுப்புழுவைத் தூக்குவது போல உள்ளங்கையில் ஏந்தி வந்து, என் நாற்பது அடியில் நோய் கண்ட கிளைகளோடு சேர்த்து நூலால் கட்டச் சொன்னார். ஒரு செடிக்கு மூன்று இலை. இறுக்கக் கூடாது. என் தடித்த விரலுக்கு அந்த முடிச்சு வரவேயில்லை. நான் போட்டதை அவர் இரண்டு தடவை அவிழ்த்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். பின்னால் ஒரு கர்ப்பிணிப் பெண் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு மெல்ல நடந்து போனாள். நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோம்.

எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. கேட்டே விட்டேன்.

“அண்ணி, நான் பேசாமலே இருந்திருந்தா உங்க வேலை போயிருக்குமே. என் பேரைச் சொல்லியிருந்தா என்ன?”

அவர் நான் போட்ட முடிச்சைப் பார்த்தார். இலையைத் திருப்பி அடிப்பக்கத்தையும் பார்த்தார். இந்தத் தடவை அவிழ்க்கவில்லை.

“நான் சொல்லியிருந்தா, நீ சொல்றதுக்கு உனக்கு எதுவும் மிச்சம் இருந்திருக்காதேம்மா” என்றார். பிறகு அடுத்த செடிக்கு நகர்ந்தார். நான் இலைகளை ஏந்திக்கொண்டு அவர் பின்னால் போனேன்.